ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

ஒரு வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒருவன் இருந்தால், அந்த வீட்டின் கேள்விகள் எல்லாம் அவனிடமே வந்து சேரும். மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது, வங்கிப் படிவத்தை நிரப்புவது, புதிதாக வாங்கிய மோட்டார் பம்பு ஏன் சூடாகிறது என்று விளக்குவது எல்லாம் அவன் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதிலும் இயற்பியல் மாணவன். ஆகவே எனக்குத் தெரியாதது ஒன்று இருக்க முடியாது என்பது என் உறவினர்களின் உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியற்றவன் என்பதைச் சென்ற ஆண்டு 8,500 ரூபாய் செலவில் தெரிந்துகொண்டேன். செலவு செய்தவர் நானல்லர், என் தாய்மாமன்.

அந்த அனுபவத்தைச் சொல்லி, அதிலிருந்து எழுந்த என் கருத்தை நண்பர்கள் முன் வைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மாமா கேட்ட கேள்வி

மாமா அறந்தாங்கியில் வாடகைக் கார் ஓட்டுகிறார். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை, கீரனூர் வழியாகத் திருச்சி விமான நிலையத்துக்குப் போவதும், வருகிறவர்களை அழைத்து வருவதும் அவருக்கு முக்கியமான பிழைப்பு. டீசல் விலை அவருடைய வருமானத்தில் பாதியைத் தின்றுவிடுகிறது. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடக் கிடைத்தாலும் அது அவருக்குப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம்.

இந்த நிலையில், வெளியூர்க் கடை ஒன்றில் அவரிடம் ஒரு பொருளைக் காட்டினார்கள். காரின் அடிப்புறத்தை மூடும் கறுப்புப் பிளாஸ்டிக் தகடுகள். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை மூன்று துண்டுகளாக மாட்டிவிட்டால், அடியில் ஓடும் காற்று தட்டாமல் முட்டாமல் வழுக்கிக்கொண்டு போகுமாம்; லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்குமாம். அப்போது அவர் கார் லிட்டருக்குச் சுமார் 18 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது.

மாமா உடனே பணத்தை எடுத்து நீட்டவில்லை. வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார்.

"என்ன மாப்ளே, இதெல்லாம் உண்மைதானா? நீதானே இதைப் படிக்கிறே?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. பெர்னௌலி தேற்றத்தை எடுத்துவிட்டேன். பந்தயக் கார்களின் பெருமையை எடுத்துவிட்டேன். "விஞ்ஞானப்படி சரிதான் மாமா, தைரியமா வாங்குங்க" என்றேன். மறுநாளே அவர் வாங்கிவிட்டார்.

விஞ்ஞானம் பொய் சொல்லவில்லை

அடித்தகடு என்பது ஏமாற்று வித்தை அன்று. காரை ஒருமுறை குனிந்து பார்த்தால் போதும். மேற்புறம் கண்ணாடி போல் வழவழப்பாக இருக்கும். அடிப்புறமோ குழாயும் கம்பியும் அச்சுத் தண்டும் சைலன்சரும் எண்ணெய்த் தொட்டியும் ஆகக் கரடுமுரடாக இருக்கும். கார் ஓடும்போது காற்று மேலே மட்டும் போவதில்லை. அடியிலும் புகுந்து போகிறது. அடியில் உள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் அந்தக் காற்றைக் கலைத்துச் சுழல வைக்கிறது. அந்தச் சுழலுக்கு வேண்டிய ஆற்றலை இஞ்சின்தான் கொடுக்கிறது. இஞ்சினுக்கு டீசல் கொடுக்கிறது.

இதை அறிஞர்கள் நெடுநாள் முன்பே உணர்ந்திருந்தார்கள். விமானங்களைக் கட்டி வந்த எட்மண்ட் ரும்ப்ளர் என்பவர் 1921இல் பெர்லின் கண்காட்சியில் நீர்த்துளி வடிவக் கார் ஒன்றை வைத்தார். 1979இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் அந்தப் பழைய காரை நிறுத்திச் சோதித்தபோது அதன் தடைக்கெழு 0.28 என்று தெரிந்தது. தடைக்கெழு என்பது ஒரு பொருளின் வடிவம் காற்றை எந்த அளவு எதிர்க்கிறது என்பதைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது. 2022இல் மெர்சிடிஸ் நிறுவனம் சோதனைக்காகக் கட்டிய மின்சாரக் கார் ஒன்றில் அது 0.17 வரை இறங்கியது. அந்தக் கார் ஒரே மின்னேற்றத்தில் ஜெர்மனியிலிருந்து பிரான்சின் தென்கரை வரை 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அதன் பின் அடிப்புறத்தில், வேகம் கூடும்போது தானே நீளும் ஒரு தட்டும் உண்டு. மின்சாரக் கார்களில் மின்கலம் தரையோடு பரப்பி வைக்கப்படுவதால் அவற்றின் அடிப்பகுதி இயல்பாகவே தட்டையாக அமைந்துவிடுகிறது.

ஆக, அடிப்புறத்தை ஒழுங்கு செய்தால் காற்றுத் தடை குறையும் என்பது உண்மை. நான் சொன்னதில் பிழை அங்கே இல்லை. வேறு இரண்டு இடங்களில் இருந்தது.

முதற் பிழை: பந்தயமும் பிழைப்பும்

நான் மாமாவுக்குச் சொன்ன உதாரணம் லோட்டஸ் பந்தயக் கார். 1977இல் வந்த லோட்டஸ் 78, அடுத்த ஆண்டு வந்த லோட்டஸ் 79 ஆகிய கார்களின் பக்கவாட்டுப் பகுதிகளின் அடிப்புறம், விமான இறக்கையைக் கவிழ்த்து வைத்தது போல் வளைக்கப்பட்டிருந்தது. அந்தக் காரை ஓட்டி மரியோ ஆண்ட்ரெட்டி 1978இல் உலகப் பட்டம் வென்றார். வளைவுகளில் அந்தக் கார்கள் பெற்ற வேகத்தைக் கண்டு அஞ்சி, 1983 முதல் பந்தயக் கார்களின் அடிப்பகுதி தட்டையாகவே இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். மீண்டும் 2022இல் விதியைத் தளர்த்தியபோது, பல கார்கள் நேர்ப்பாதையில் தவளை போல் குதிக்கத் தொடங்கிப் பொறியாளர்களைத் திணற வைத்தன.

இந்த வரலாறு எங்கோ நடந்த கதையும் அன்று. சோழவரம் பழைய விமானத் தளத்தில் தொடங்கி இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் வரை மோட்டார் பந்தயத்தில் தமிழ்நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த ஃபார்முலா 4 பந்தயத்தை நம்மில் பலரும் திரையில் பார்த்தோம்.

ஆனால் அந்த அடிப்புற வளைவு எதற்காக? டீசல் மிச்சம் பிடிக்கவா? இல்லவே இல்லை. தரைக்கும் காருக்கும் இடையே உள்ள குறுகிய வழியில் காற்று விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. மேலே உள்ள அதிக அழுத்தம் காரைத் தரையோடு அழுத்துகிறது. வளைவில் சக்கரம் வழுக்காமல் பிடிக்கிறது. அவ்வளவுதான்.

இதை நம் மாவட்டத்தார்க்குக் கற்றுத்தர ஆசிரியர் வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தபோது எங்கள் வீட்டுத் தகரக் கூரை எப்படிப் போயிற்று என்பதை நான் கண்ணால் கண்டவன். காற்று கூரையை நசுக்கவில்லை, தூக்கிக்கொண்டு போயிற்று. கூரையின் மேலே காற்று விரைந்ததால் அங்கே அழுத்தம் குறைந்தது. வீட்டுக்குள் இருந்த காற்று கூரையை மேலே தள்ளியது. அதையே தலைகீழாகச் செய்தால் லோட்டஸ் கார். கூரையைத் தூக்கிய அதே விதி அங்கே காரை அழுத்துகிறது.

தரையோடு அழுத்துவது வேறு; எதிர்க்காற்றின் தடையைக் குறைப்பது வேறு. மாமாவுக்கு வேண்டியது இரண்டாவது. நான் சான்றாகக் காட்டியதோ முதலாவது. வயிற்று வலிக்குக் கண் மருந்து கொடுத்த கதைதான்.

இரண்டாம் பிழை: கணக்குப் போடவில்லை

இப்போது, அன்று நான் எடுக்காத தாளையும் பென்சிலையும் எடுப்போம்.

காற்றுத் தடை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. சக்கரம் உருள்வதால் வரும் தடையோ வேகத்துக்கு ஏற்ப அதிகம் மாறுவதில்லை. மாமாவின் கார் ஆட்களோடு 1,200 கிலோகிராம் என்றும், முன்புறப் பரப்பு 2.2 சதுர மீட்டர் என்றும், தடைக்கெழு 0.32 என்றும், உருளும் தடைக்கான கெழு 0.012 என்றும் கொள்வோம். நம் ஊர் வெயிலில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிலோகிராம்.

கணக்கு இப்படி வருகிறது. உருளும் தடை எப்போதும் 141 நியூட்டன். காற்றுத் தடை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 50 நியூட்டன், 60 கிலோமீட்டரில் 113 நியூட்டன், 100 கிலோமீட்டரில் 315 நியூட்டன்.

அடித்தகடு மாட்டியதால் காற்றுத் தடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மணிக்கு 100 கிலோமீட்டரில் கிடைக்கும் மிச்சம் 16 நியூட்டன். மொத்தத் தடையில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு. 60 கிலோமீட்டரில் மிச்சம் 6 நியூட்டனுக்கும் குறைவு; நூற்றுக்கு இரண்டே கால் பங்கு கூட இல்லை. 40 கிலோமீட்டரில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கும் தேறாது.

அறந்தாங்கியிலிருந்து திருச்சி வரை ஊருக்கு ஊர் வேகத்தடை, மாடு, ஆடு, பள்ளிக்கூடம், சந்தை என்று இருக்கும் பாதையில் சராசரி வேகம் 60 என்பதே தாராளம். மாதம் 15,000 ரூபாய்க்கு டீசல் போடும் ஒருவருக்கு, டீசலும் அதே விகிதத்தில் குறைகிறது என்று கொண்டால், மிச்சம் 330 ரூபாய். போட்ட 8,500 ரூபாய் திரும்பி வர 26 மாதம் ஆகும். அதுவரை தகடு ஒரு கீறலும் படாமல் இருக்க வேண்டும்.

கடைக்காரர் சொன்ன கணக்கையும் பார்ப்போம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் 21 ஆக வேண்டுமானால், மொத்தத் தடையில் நூற்றுக்கு 14 பங்கு குறைய வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 36 நியூட்டன். அதாவது காற்றுத் தடையில் மூன்றில் ஒரு பங்கு மறைந்துபோக வேண்டும். மூன்று பிளாஸ்டிக் தகட்டால் அது நடக்கும் என்று சொல்ல எவருக்கும் துணிவு வரக் கூடாது. பத்து நிமிடக் கணக்கு இது. இந்தப் பத்து நிமிடத்தை நான் செலவிட்டிருந்தால் மாமாவின் பணம் மிஞ்சியிருக்கும்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அந்தக் காரின் கூரையில் பெட்டி வைப்பதற்கென்று ஒரு இரும்புக் கேரியர் நிரந்தரமாக நிற்கிறது. சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது காற்றைக் கிழித்துக்கொண்டே வரும். அடியில் பணம் கொடுத்து வழவழப்பாக்கினோம். மேலே இலவசமாகத் தடையை ஏற்றி வைத்திருந்தோம். நானும் பார்த்தேன், மாமாவும் பார்த்தார். எங்கள் இருவருக்கும் அது கண்ணில் படவே இல்லை!

வேகத்தை 100இலிருந்து 80க்குக் குறைத்தால் என்ன ஆகும் என்றும் கணக்கிட்டேன். காற்றுத் தடை 315இலிருந்து 202 நியூட்டனாக இறங்குகிறது. மொத்தத் தடையில் கால் பங்கு போய்விடுகிறது. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி வரை உள்ள சுமார் 55 கிலோமீட்டரில், வழியெல்லாம் தடையின்றி ஓட முடிந்தாலும் இதனால் இழப்பது 8 நிமிடம். ஒரு தேநீர் குடிக்கும் நேரம்.

நம் சாலையும் அந்தத் தகடும்

காகிதக் கணக்கு இப்படியென்றால், சாலையின் கணக்கு வேறு. இந்திய சாலைப் பேராயம் வேகத்தடைக்கு ஓர் அளவு வகுத்திருக்கிறது. 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு சிறு வில்லாக, 3.7 மீட்டர் அகலத்தில் அது அமைய வேண்டும்; உயரம் 10 சென்டிமீட்டர். நாணின் இருமடியை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்துப் பாருங்கள். உயரம் சரியாக 0.1 மீட்டர் வரும். பள்ளியில் படித்த வடிவகணிதம் சாலையில் கிடப்பதைக் கண்டு நான் மகிழ்ந்தேன். ஆனால் நம் கிராமத்து வேகத்தடைகள் எந்த வட்டத்துக்கும் சொந்தமானவை அல்ல. ஒரு விபத்து நடந்த மறுநாள், கண்ணீரோடும் கோபத்தோடும் போடப்படுபவை அவை. குறுகலாகவும் உயரமாகவும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவரும் அவரை அழைக்கப் போன உறவினரும் பெட்டிகளுமாக நிறைந்த கார், ஸ்பிரிங் அமுங்கி ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். அதற்கும் கீழே தொங்கும் தகடு உரசாமல் என்ன செய்யும்? இரண்டே மாதத்தில் நடுத்தகட்டின் முன்விளிம்பு பிளந்துவிட்டது.

அதைவிடப் பெரிய ஆபத்து அறுவடைக் காலத்தில் வந்தது. நம் பக்கத்தில் உளுந்து, கொள்ளு, எள் ஆகிய செடிகளைச் சாலையில் பரப்பி வைத்து, வண்டிச் சக்கரங்களைக் கொண்டே அடித்தெடுக்கும் வழக்கம் உண்டு. களம் இல்லாத ஏழை விவசாயி வேறென்ன செய்வார்? கந்தர்வகோட்டைப் பக்கம் ஒரு நாள் அப்படிப் பரப்பியிருந்த சருகின்மேல் மாமாவின் கார் போயிற்று. பிளந்திருந்த விளிம்பு சருகை அள்ளி உள்ளே திணித்துக்கொண்டது. தகட்டுக்கு மேலே சைலன்சர் குழாய். சற்றுத் தூரம் போனதும் புகை நாற்றம். காருக்குள் இருந்தது ஒரு கைக்குழந்தையோடு ஒரு குடும்பம்.

நல்ல வேளையாக மாமா உடனே நிறுத்திவிட்டார். எல்லாரையும் இறக்கினார். பக்கத்துத் தேநீர்க் கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றி, ஸ்பேனர் போட்டுத் தகட்டைக் கழற்றினார்கள். உள்ளே கருகிய சருகு கற்றையாக விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தச் செய்தியை மாமா என்னிடம் சொன்னபோது ஒரு வார்த்தை கூடக் கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கார் நிறுவனங்களே அடித்தகடு மாட்டித்தானே விற்கின்றன என்று சிலர் கேட்கலாம். உண்மை. ஆனால் அவர்கள் சைலன்சரின் சூடு எங்கே போகும், மழைநீர் எங்கே வடியும், எண்ணெய் கசிந்தால் எப்படித் தெரியும் என்பதையெல்லாம் முழுக் காரோடு சேர்த்து வடிவமைக்கிறார்கள்; காற்றுச் சுரங்கத்திலும் ஓடுதளத்திலும் வைத்துச் சோதிக்கிறார்கள். பின்னால் வாங்கி மாட்டும் தகடு, அளவெடுக்காமல் தைத்த சட்டை போன்றது.

நான் செய்த சோதனை

இவ்வளவுக்கும் பிறகாவது அளந்து பார்ப்போம் என்று தோன்றியது. ஒரு ஞாயிறு விடியற்காலை, ஆளரவமற்ற ஒரு நேர்ச்சாலையில், மாமா ஓட்ட, நான் கைப்பேசிக் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, வண்டி தானாக 60க்கு இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பதே சோதனை. தடை குறைவாக இருந்தால் வண்டி கூடுதல் நேரம் ஓடும். தகட்டோடு ஐந்து முறை, தகடு இல்லாமல் ஐந்து முறை ஓட்டினோம்.

என் கணக்குப்படி இந்த இறக்கத்துக்குச் சுமார் 23 வினாடி ஆக வேண்டும். தகட்டினால் வர வேண்டிய வேறுபாடு அரை வினாடிக்குச் சற்று அதிகம். ஆனால் ஒரே நிலையில் எடுத்த ஐந்து அளவுகளுமே ஒன்றுக்கொன்று அதைவிட அதிகமாக வேறுபட்டன. ஏன் என்று யோசித்தேன். கண்ணுக்கே தெரியாத சரிவு, 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் என்று வைத்தால் கூட, 23 நியூட்டன் விசையைத் தந்துவிடுகிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் அதுவும் ஏறக்குறைய அதே அளவு. தகடு தருவதோ 8 நியூட்டன். சந்தை இரைச்சலில் கொசுவின் ரீங்காரத்தைக் கேட்பது போல்தான். போகும்போதும் வரும்போதும் ஆக இரு திசையிலும், காற்று அடங்கிய வேளையில், பலமுறை ஓட்டிச் சராசரி எடுத்தால்தான் ஏதேனும் சொல்ல முடியும் என்று தெரிந்துகொண்டேன்.

என் சோதனை தோற்றது என்று சொல்ல மாட்டேன். "மாட்டிய மறுநாளே வித்தியாசம் தெரிந்தது" என்று எவர் சொன்னாலும் நம்பக் கூடாது என்பதை அது எனக்குக் கற்பித்தது. அவ்வளவு சிறிய மாற்றத்தைக் காலால் ஆக்சிலேட்டரை மிதித்து உணர எவராலும் முடியாது.

எங்கே செய்ய வேண்டும்?

அப்படியானால் இந்த விஞ்ஞானம் நமக்கு வேண்டாமா? வேண்டும். ஆனால் இடம் பார்த்து வேண்டும்.

புறநகர்ப் பேருந்து ஒன்றை எண்ணிப் பாருங்கள். முன்புறப் பரப்பு 7 சதுர மீட்டர், தடைக்கெழு 0.7 என்று கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அதன் காற்றுத் தடை 1,400 நியூட்டன். காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் 31 கிலோவாட், அதாவது 40 குதிரைத் திறனுக்கு மேல் செலவாகிறது. அதில் நூற்றுக்கு 5 பங்கு குறைத்தால் 70 நியூட்டன். மாமாவின் கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் மிச்சம் பிடித்ததைப் போல் 12 மடங்கு. பேருந்தின் அடிப்பகுதி தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருக்கிறது. தகடு உரசும் தொல்லையும் குறைவு. அந்த மிச்சத்தால் பயன் பெறுகிறவர் ஒருவர் அல்லர். ஐம்பது பயணிகளும், அவர்கள் வரிப்பணத்தில் ஓடும் போக்குவரத்துக் கழகமும். லாரிக்கும் இதே கணக்குதான்.

பேருந்துக் கூண்டு கட்டும் தொழிலில் கரூரும் லாரிக் கூண்டு கட்டுவதில் நாமக்கல்லும் நாடறிந்த ஊர்கள். இரண்டும் நமக்கு அடுத்த வீடு போல. வண்டியின் முன்முகத்தைச் சற்று வளைப்பது, கூரை விளிம்பை உருட்டுவது, பக்கவாட்டில் சக்கரங்களுக்கு இடையே தகடு வைப்பது, சூடும் நீரும் போக வழிவிட்டு அடிப்புறத்தை மூடுவது ஆகியவற்றை அந்தப் பட்டறைகளின் தொழிலாளர்கள் செய்யக் கூடியவர்கள். அவர்கள் கையில் திறமை இருக்கிறது. கல்லூரிகளில் கணக்கு இருக்கிறது. இரண்டும் சந்திப்பதில்லை. பொறியியற் கல்லூரிகளின் காற்றுச் சுரங்கங்களில் விமான மாதிரிகளோடு நம் ஊர்ப் பேருந்தின் மாதிரியும் நிற்க வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது என்று நினைக்கிறேன்.

நம்மைப் போன்ற கலைக் கல்லூரி மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நம் ஆய்வகத்தில் ஊசலை ஆட்டி நேரம் எடுக்கிறோம். விடை புத்தகத்தில் முன்பே இருக்கிறது. விடை தெரியாத ஒன்றையும் ஆண்டுக்கு ஒரு முறை அளந்து பார்க்கலாமே! நான் அரைகுறையாகச் செய்த அந்த உருளும் சோதனையை, ஆசிரியர் மேற்பார்வையில், முறையாக, ஊரிலுள்ள ஓட்டுநர்களின் துணையோடு செய்யலாம். டயரில் காற்று குறைந்தால் எவ்வளவு டீசல் போகிறது, கேரியரைக் கழற்றினால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்து, அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம் வாடகைக் கார் நிறுத்தங்களில் எழுதி ஒட்டலாம். ஒரு பட்டதாரி தன் ஊருக்குச் செய்யக் கூடிய சிறு தொண்டு இது.

முடிவாக...

கார் அடித்தகடு ஒரு சிறிய பொருள். அதைப் பற்றி இத்தனை பக்கம் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். தகடு சிறிது, ஆனால் அதற்குள் இருக்கும் பழக்கம் பெரிது. விதை, உரம், மருந்து, சமையல் அடுப்பு, மின்விசிறி என்று எதை விற்பவரும் இன்று "விஞ்ஞானப்படி" என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டுதான் விற்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டதும் படிக்காதவர்கள் படித்தவன் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் நாம் தலையாட்டினால், விற்பவரின் பொய்க்கு நம் படிப்பு முத்திரை குத்திவிடுகிறது. "தெரியாது, கணக்குப் போட்டுப் பார்த்து நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அன்று எனக்கு அந்த வெட்கம் இருந்தது. மாமாவின் கண்ணில் நான் சிறியவனாகிவிடுவேனோ என்று பயந்தேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி அடிக்கடி சொல்வார். இயற்பியலின் முதற்பாடமும் அதுவே என்பது எனக்குக் கல்லூரிக்கு வந்து இரண்டாம் ஆண்டில்தான் விளங்கியது.

கழற்றிய தகடுகளில் இரண்டு இப்போது எங்கள் ஆட்டுக் கொட்டகையின் கூரையில் ஒழுகல் அடைத்துக்கொண்டிருக்கின்றன. மாமா கேரியரைச் சுமை இருக்கும்போது மட்டும் மாட்டுகிறார். மாதம் இருமுறை டயரில் காற்றுப் பார்க்கிறார். போன வாரம் மீண்டும் ஒரு கேள்வியோடு வந்தார். பழைய காரைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் வாங்கலாமா என்று ஒருவர் யோசனை சொன்னாராம்.

"உனக்கு என்ன தோணுது மாப்ளே?" என்றார்.

"ஒரு வாரம் டைம் குடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு, தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.